பைன் நாற்றங்காலில் களை: கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரி: பைன் விதை முளைக்கும் முன்பே பாத்தி முழுக்கப் புல். பிடுங்கினால் விதையும் கிளம்பிவிடுகிறது. மருந்து அடிக்கலாமா அண்ணா?

அடிக்கலாம். வெங்காயத்துக்கு அடிக்கிற ஆக்சிஃபுளோர்ஃபென்தான் பைன் நாற்றங்காலுக்கும் பழகிய மருந்து. மண் மேல் மெல்லிய படலமாக நிற்கும்; அதைத் துளைத்து வரும் களை வெளிச்சம் பட்டதும் கருகும். விதையை மூடி, பாத்தியை நனைத்து, காற்றில்லாத காலையில் அடியுங்கள். அப்புறம் கொத்தக் கூடாது. படலம் கிழிந்த இடத்தில் களை வரும். பைன் முளை தலைதூக்கும் நாளில் அடித்தால் அதுவும் கருகும். நாம் போடும் பாட்டுலா வகைப் பைனின் விதை ரொம்பச் சின்னது. அதனால் முதலில் ஒரு முழம் பாத்தியில் அடித்துப் பாருங்கள்.

ஆனால் களை எங்கிருந்து வந்தது? பைன் வேருக்குத் துணைப் பூஞ்சை வேண்டும் என்று பழைய பைன் காட்டு மண்ணைக் கலக்கிறோம். வேலையாட்கள் வண்டி நிற்கும் ஓரத்திலேயே அள்ளிவிடுவார்கள். புல் விதையெல்லாம் அங்கேதான். உள்ளே போய், ஊசிச்சருகை ஒதுக்கி, அதன் அடி மண்ணை எடுக்கச் சொல்லுங்கள். பாதி மருந்து மிச்சம்.

மன்னவனூர்: கோரைக்கும் இதுவே போதுமா?

போதாது. பாத்தி போடும் முன்பே கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

குந்தா: தேயிலைக்கு வாங்கிய கிளைபோசேட் மிச்சம் இருக்கிறது. நாற்று மேல் அடிக்கலாமா?

வேண்டாம். இலை வழியே இறங்கி வேர்வரை போகும் மருந்து. இளம் பைன் தாங்காது. அப்புறம், நாற்றங்காலுக்கு ஸ்பிரேயர் தனி. 2,4-டி களைக்கொல்லி ஊற்றிய டேங்க் உள்ளேயே வரக் கூடாது.

பூம்பாறை: கிளைபோசேட்டைத் தண்ணீர் கூட்டி அடித்தால்?

குந்தாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊட்டி: சோலையும் புல்வெளியும் இருந்த மலையில் பைன் எதற்கு? நீங்கள் கொல்லும் புல்தானே இந்த மண்ணுக்குச் சொந்தம்?

பாத்தியில் வருவது பெரும்பாலும் கிக்கூயு புல். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், பாட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து. இரண்டு வெளியூர்க்காரர்களின் சண்டைக்குச் சோலையை ஏன் இழுக்கிறீர்கள்?

ஊட்டி: பைன் விதை பறக்குமே ஐயா. வேலிக்குள் நிற்குமா?

நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். விதைக்கு இறக்கை உண்டு. காற்று வாக்கில் புல்வெளிக்குப் போய் முளைக்கும். அதனால்தான் புல்வெளி ஓரத்து நிலத்துக்கு நான் நாற்று கொடுப்பதில்லை. எஸ்டேட்காரர்கள் கோபித்தாலும் சரி.

கோத்தகிரி: அப்போ எனக்கும் இல்லையா அண்ணா?

உங்கள் நிலத்திலிருந்து காற்று வாக்கில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பிறகு பார்ப்போம்.

கூடலூர்: சில்வர் ஓக் நாற்றுக்கும் இதே மருந்தா?

அது என் பாடம் இல்லை. அகல இலை நாற்றை இந்த மருந்து கருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்த நாற்று போடுபவரைக் கேளுங்கள். ஸ்பிரேயரைக் கழுவிவிட்டுப் போங்கள்.