கரண்ட் பில்: கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு மட்டும்தான் இங்கே பதில். பில் எவ்வளவு வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, எத்தனை யூனிட் ஓடியது என்பதையும் சொல்லுங்கள். கணக்குகள் எல்லாம் 2024 ஜூலைக் கட்டணப்படி. விலை மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: போன தடவை 494 யூனிட், 1,767 ரூபாய். இப்ப 519 யூனிட், 2,200 ரூபாய். வெறும் 25 யூனிட்டுக்கு 433 ரூபாயா? மீட்டர் கோளாறா சார்?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் 500-ஐத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 500 வரை என்றால் முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. மொத்தம் 1,805 ரூபாய். 501 ஆனதும் நடுவில் இருக்கும் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை மொத்தத்துக்கும் 4.70 போடுவார்கள். அதில் மட்டும் 235 ரூபாய் ஏறுகிறது. 401 முதல் 500 வரை அதே ரூ.6.30. அதற்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1,000 வரை ரூ.10.50, பிறகு ரூ.11.55. ஆகவே அந்த 501-ஆவது யூனிட் ஒன்றின் விலை மட்டும் ரூ.243.40.

ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை 375-க்கு மேல் ஓடியிருந்தால் 60 நாளில் 500-ஐத் தாண்டும். மீதி 15 நாளில் ஏ.சி.யையும் கீசரையும் குறைத்து ஓட்டினால் தப்பலாம். பில் வந்த பிறகு மீட்டரைப் பார்த்துப் பயனில்லை.

மதுரை: அண்ணே, பிளக்குல செருகி வச்சா 40 சதவீதம் கரண்ட் மிச்சம்னு ஒரு பெட்டி விக்கிறாங்களே, வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கை, திருத்தும்; ஆனால் வீட்டுக்கு பில் போடுவது கிலோவாட்-அவர், அதாவது யூனிட் கணக்கில். பவர் ஃபேக்டர் திருந்தினாலும் அந்த எண் குறையாது. மாறாக அந்தப் பச்சை விளக்குக்குக் கரண்ட் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

திருச்சி: பிஎல்டிசி ஃபேன் போட்டா போட்ட காசு திரும்புமா?

எந்த அறையில், எத்தனை யூனிட் வீட்டில் என்பதைப் பொறுத்தது. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டாரில், குறைந்த கரண்டில் ஓடுவது) 30 வாட். தினம் 16 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேன் இரண்டு மாதத்தில் 72 யூனிட் தின்னும், மாற்றினால் 29. மிச்சம் 43.

250 யூனிட் வீட்டில் இந்த 43 யூனிட்டுக்கு 202 ரூபாய். ஃபேன் 3,000 என்றால் 15 பில், அதாவது இரண்டரை வருஷம். அதே ஃபேனை 540 யூனிட் ஓடும் வீட்டில் மாட்டினால் 497-க்கு இறங்கும். 2,376 கட்டியவர் 1,786 கட்டுவார். ஒரே ஃபேனில் 590 ரூபாய், ஐந்தாறு பில்லில் விலை திரும்பிவிடும். மறுபடியும் அந்த 500-தான். ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் சுற்றும் அறைக்கு மாற்றாதீர்கள்.

மாட்டும்போது சுவரில் உள்ள ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் சோம்பேறித்தனமாக அப்படியே விட்டுவிட்டுப் போனால் ஃபேன் விட்டுவிட்டு ஓடும், ஃபேனுக்குள் இருக்கும் போர்டு எரியும், வாரண்டியும் கிடைக்காது. மாற்றப் பணமில்லை என்றால் அந்தப் பழைய பெட்டி ரெகுலேட்டரையாவது எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுங்கள். பழையதில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகிற கரண்டில் ஒரு பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாகப் போகிறது.

சேலம்: பிளக்குல மாட்டுற சேமிப்புக் கருவி பத்தி சொல்லுங்க.

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கோவை: ஏ.சி.யை எத்தனையில வைக்கணும்ங்க?

26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் குறையும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். விடியற்காலை 4 மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். ஏ.சி.யின் ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருஷ யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. நீங்கள் அதைவிட அதிகம் ஓட்டினால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்: கேஸ் விலைக்கு இன்டக்ஷனே லாபம்னு எல்லாரும் மாறுதாங்க. மாறலாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். இன்டக்ஷனில் 85 சதவீதம் போகும். ஆக ஒரு சிலிண்டர் வேலைக்கு இன்டக்ஷன் ஏறக்குறைய 140 யூனிட் இழுக்கும். 4.70 விலையில் 658 ரூபாய், 6.30-ல் 882, 8.40-ல் 1,176. டெலிவரிக் கூலியோடு சேர்த்து உங்கள் ஊர் சிலிண்டர் விலையை இதோடு ஒப்பிடுங்கள்.

கோவை: அது தப்புங்க. என்ற வீட்ல 180 யூனிட்தான் ஓடுது. இன்டக்ஷன்தான் லாபம்.

உங்கள் வீட்டுக்குச் சரி. 180-லிருந்து 320 ஆனால் பில் 188-லிருந்து 799. கூடுதல் 611 ரூபாய்தான். ஏற்கெனவே 420 ஓடும் வீட்டில் இதையே செய்தால் 560 ஆகும். 1,301 கட்டியவர் 2,544 கட்டுவார். ஒரு சிலிண்டர் வேலைக்கு 1,243 ரூபாய்.

கரூர்: அடுப்பு மேல 68 சதவீதம்னு போட்டிருக்கே, நீங்க குறைச்சுச் சொல்றீங்களே?

அது புது அடுப்பு, சோதனைச்சாலை, அளவான பாத்திரம். உங்கள் அடுப்பில் பால் பொங்கி பர்னர் துளை அடைத்திருக்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் கேஸ் வீணாகிறது. பித்தளை பர்னரை வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்திக் காயவைத்து மாட்டுங்கள். தீ பாத்திரத்தின் அடியைவிட்டு வெளியே வந்து பக்கத்தில் ஏறினால் அதுவும் நஷ்டம்.

நாகர்கோவில்: அப்போ பாதி அதுல, பாதி இதுல?

அதுதான் நடைமுறை. 45-ஆம் நாள் மீட்டரைப் பார்த்துவிட்டு, 500-க்குள் இடமிருந்தால் பால், தண்ணீர் கொதிக்கவைப்பதை இன்டக்ஷனில் செய்யுங்கள். எந்த அடுப்பானாலும் முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். விசில் வந்த பிறகு குக்கருக்குள் சூடு மேலே ஏறாது. அதிகம் எரித்தால் ஆவிதான் அதிகம் போகும். பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைக்காமல் வேகவைப்பவர்களிடம் அடுப்பைப் பற்றிப் பேசி ஆகப்போவதில்லை.

கேஸா கரண்டா என்று இன்னும் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் யூனிட்டோடு 140-ஐக் கூட்டி, பில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள், பதில் வந்துவிடும். இதற்கு மேல் இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

விழுப்புரம்: ரீடிங் எடுக்குறவர் அஞ்சு நாள் லேட்டா வந்தார். அடுத்த தடவை சரியாயிடும்ங்கிறார்.

யூனிட் சரியாகும், பணம் சரியாகாது. 500, 500 என்று வந்திருந்தால் இரண்டு பில்லும் சேர்த்து 3,610. 540, 460 என்று வந்தால் 2,376-ம் 1,553-ம், ஆக 3,929. யூனிட் அதேதான், 319 ரூபாய் போய்விட்டது. வழக்கமாக வரும் தேதியன்று மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். தாமதமானால் அந்தப் படத்தோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அம்பத்தூர்: வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபா வாங்குறார்.

இது சட்டக் கேள்வி. வாடகை ஒப்பந்தத்தோடு வக்கீலைப் பாருங்கள்.

ஈரோடு: மின்சேமிப்புப் பெட்டி...

வேண்டாம்.

திருநெல்வேலி: 180 யூனிட் ஓடுது. சோலார் போடவா?

இந்த யூனிட்டுக்கு வேண்டாம்.

வேலூர்: எல்லாத்தையும் அணைச்சாலும் மீட்டர்ல சிவப்பு விளக்கு மின்னுது. லீக்கேஜா?

முதலில் எண்ணுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று போட்டிருக்கும், பலவற்றில் 3200. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 48 மின்னல் என்பது 15 வாட். ஸ்விட்ச் போர்டில் அணைக்காமல் ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி., செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி இவ்வளவு இழுக்கும். இரண்டு மாதத்தில் சுமார் 22 யூனிட். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி எண்ணினால் எது என்று தெரிந்துவிடும்.

வீட்டு மெயினையே இறக்கிய பிறகும் மின்னினால் அது வேறு விஷயம். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ வயர் இழுத்திருக்கலாம், ஒயரிங்கும் பழுதாகியிருக்கலாம். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

தூத்துக்குடி: உப்புத் தண்ணி. கீசர் சூடாக ரொம்ப நேரம் ஆகுது.

காயிலில் உப்பு படிந்திருக்கும். அந்த அடுக்கைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்குப் போகவேண்டும். கடைசியில் காயிலே வெடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள், இல்லையேல் அடுத்து தொட்டி ஓட்டையாகும். தெர்மோஸ்டாட்டை 50-ல் வைத்தால் போதும். 15 லிட்டரை 27-லிருந்து 50-க்கு ஏற்ற 0.4 யூனிட் ஆகும். குளிப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிஷம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள்.

தஞ்சாவூர்: டேங்க் நிரம்ப அரை மணி நேரம் ஆனது இப்ப 50 நிமிஷம். மோட்டார் 1 ஹெச்.பி.

அந்த மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினம் 20 நிமிஷம் கூடினால் இரண்டு மாதத்தில் 20 யூனிட் வீண். ஒவ்வொரு தடவையும் மோட்டாரில் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது என்றால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறது. ஊற்றாமலே எடுத்து, ஆனால் குழாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் உறிஞ்சு குழாய் ஜாயிண்டில் காற்று போகிறது. இரண்டும் இல்லை என்றால் இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்மானம் அல்லது வோல்டேஜ் குறைவு. போர் மோட்டார் என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கும். காற்று வர ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கட்டும் செலவு தனியாக வரும்.