26 வயதில் கிளவுஸைக் கழற்றி வைக்கலாமா?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 26 வயது. துறைமுகத்தில் விடிகாலையில் ஐஸ் ஏற்றும் வேலை. 22 வயதில்தான் பாக்சிங் ஆரம்பித்தேன். 14 ஆட்டம் ஆடியிருக்கிறேன். சாதாரணமாக 67 கிலோ இருப்பேன், 60-க்கு இறங்கி ஆடுவேன். போன மாதம் 19 வயதுப் பையனிடம் தோற்றுவிட்டேன். 'வயசாயிடுச்சு, விட்டுடு' என்கிறார்கள் வீட்டில். மாஸ்டரோ 'இனிமேதான்டா உன் ஆட்டமே' என்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பி, மாஸ்டர் சொல்வதுதான் சரி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைவேகமும் கண் பார்த்ததும் உடம்பு நகர்கிற வேகமும் பெரும்பாலானவர்களுக்கு 20-களின் நடுவில் உச்சத்தில் இருக்கும். உடல் பலம் 30-ஐத் தாண்டியும் நிற்கும். எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்தே எந்தக் கை வருகிறது என்று சொல்லும் புத்தி மட்டும் பிறந்த வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ரிங்கில் கழித்த வருடங்கள்தான் அதற்குக் கணக்கு. உடம்பு இறங்கத் தொடங்கும் முன்பே இந்தப் புத்தி முதிர்ந்துவிட்டால், அந்தச் சில வருடங்கள்தான் ஒரு பாக்சரின் பொற்காலம். பலருக்கு அது 25-இலிருந்து 32-க்குள் வரும். நீங்கள் 22-இல் ஆரம்பித்தவர், உங்களுக்குக் கொஞ்சம் தள்ளியே வரும். அந்தப் பையன் பத்து வயதிலேயே கிளவுஸ் மாட்டியிருந்தால் 19 வயதில் அவனுக்கு ஒன்பது வருட அனுபவம், உங்களுக்கு நான்கு. நீங்கள் தோற்றது அவன் வயதிடம் அல்ல, அந்த ஐந்து வருட வித்தியாசத்திடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடினார். உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்போது அலிக்கு 38 வயது. அவருடைய கால்கள் மிக வேகமாக இருந்தது 25 வயது வரைதான். 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்ததால் மூன்றரை வருடம் ஆட முடியாமல் போனது. திரும்பி வந்தபோது பழைய கால்கள் இல்லை. இருந்தும் 1974-இல், 32 வயதில், தன்னைவிட ஏழு வயது இளையவரான, அப்போதைய உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். கால் போன பிறகு புத்தியால் ஜெயித்த ஆட்டம் அது. தோற்ற ஃபோர்மேன் 1994-இல், 45 வயதில், மைக்கேல் மூரரை நாக் அவுட் செய்து மறுபடியும் உலகச் சாம்பியன் ஆனார். மூரருக்கு அன்று உங்கள் வயதுதான், 26.

ஃபோர்மேனைக் காட்டி நாமும் 45 வரை ஆடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அவர் ஹெவிவெயிட், அதாவது மிக அதிக எடைப் பிரிவு. ஒரே குத்தில் ஆட்டத்தை முடிக்கிற பலம் சீக்கிரம் போகாது. எடை குறையக் குறைய ஆட்டம் வேகத்தை நம்பியது, வேகம் முதலில் போகும். மேரி கோம் 2018-இல் டெல்லியில் 48 கிலோ பிரிவில் ஆறாவது உலகப் பட்டம் வென்றபோது 35-ஐக் கடந்திருந்தார். அது அபூர்வம். அமெச்சூரில் சீனியர் பிரிவு 19-இலிருந்து 40 வயது வரை, அதனால் விதியும் உங்களைத் தடுக்காது.

சரி, தோற்ற ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிட ரவுண்டு மூன்றில் கடைசி ரவுண்டில்தான் கை இறங்கியது என்றால், எடை இறக்கியதைத்தான் சந்தேகப்பட வேண்டும். 67 கிலோ உடம்பில் ஏழு கிலோ என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் சூட் போட்டு ஓடி, தண்ணீரை நிறுத்தி இறக்கினால், போவது பெரும்பாலும் நீர்தான். வறண்ட உடம்போடு ரிங்கில் ஏறுகிறவருக்கு 26-இலேயே 36 வயதுக் கால்கள்தான் இருக்கும். நீங்கள் 65 கிலோ பிரிவில் ஆட வேண்டியவர். ஐஸ் ஏற்றுகிற வேலையே பளு தூக்குவதுதான், அதற்கு மேல் ஜிம்மில் பளு வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் தூங்குங்கள். மாலைப் பயிற்சிக்கு அந்தத் தூக்கம்தான் முதல்.

இப்போது அந்த நிபந்தனை: தலை. ஸ்பாரிங், அதாவது ஜோடி போட்டு ஆடும் பயிற்சி, முழு வேகத்தில் வாரத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாளில் பேடிலும் பையிலும் குத்துவது, ஃபுட்வொர்க், மெதுவான ஸ்பாரிங். ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் அடி வாங்கி நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் கிடையாது. அதற்குப் பிறகும் தலைவலி, வெளிச்சம் கூசுவது, மறதி இருந்தால் சென்ட்ரல் எதிரில் உள்ள ஜி.எச். நரம்பியல் பிரிவில் காட்டாமல் கிளவுஸைத் தொடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அலி சென்னையில் ஆடிய அதே வருடம் அக்டோபரில் அன்றைய சாம்பியன் லேரி ஹோம்ஸிடம் வாங்கிய அடியைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். பத்து ரவுண்டுக்குப் பிறகு அவருடைய ஆட்களே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

எப்போது விடுவது என்றும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். நன்றாகத் தூங்கி, சரியான எடையில் இருந்தும், குத்து வருவது தெரிகிறது, ஆனால் முகத்தைக் காக்கும் கை (கார்டு) எழவில்லை. எதிராளி முன்கையால் விடும் நேர்க்குத்து (ஜாப்) முன்பு தவறிப்போகும், இப்போது முகத்தில் விழுகிறது. மூன்று மாதம் இப்படியே போனால் மாஸ்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். போன மாதத்துத் தோல்வி அந்தக் கணக்கில் வராது.

அடுத்த போட்டிக்கு 65 கிலோவில் பெயர் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மூன்றாவது ரவுண்டு வீடியோவை எனக்கு அனுப்புங்கள்.