என்எஃப்எஸ், கெர்பரோஸ்: ஹோஸ்ட்நேம் எது, ரெல்ம் எது?

கேள்வி: சார், என்எஃப்எஸ்ஸை (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) கெர்பரோஸோடு (டிக்கெட் கொடுத்து அடையாளம் சரிபார்க்கும் முறை) ஓட்டும்போது டொமைனும் ரெல்மும் ஒன்றுதானே? எங்கள் ஆபீஸில் எழுத்துகூட மாறவில்லை.

பதில்: ஒன்றில்லை. டொமைன், பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைச் சேர்ந்தது. மெஷினைத் தேடிப் பிடிக்க உதவும். ரெல்ம் என்பது ஒரு கேடிசியின், அதாவது டிக்கெட் வழங்கும் கெர்பரோஸ் சர்வரின், அதிகாரம் செல்லும் எல்லை. டொமைன் பெயரையே கேப்பிடலில் எழுதி ரெல்ம் ஆக்குவது வெறும் வழக்கம். ஆனால் டிஎன்எஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, கெர்பரோஸ் பார்க்கும். சின்ன எழுத்தில் அடித்தால் அது வேறு ரெல்ம். எந்த மெஷின் எந்த ரெல்மில் என்பதை கெர்பரோஸ் அமைப்புக் கோப்பான கேஆர்பி5.கான்ஃபின் டொமைன்_ரெல்ம் பகுதி சொல்கிறது. டொமைன் முழுவதையும் குறிக்க, பெயருக்கு முன்னால் புள்ளி வேண்டும்.

கேள்வி: சர்வரின் கோப்புறையைக் கிளையன்டில் மவுண்ட் செய்தால் (இணைத்தால்) அனுமதி மறுப்பு. லாகில் ‘கெர்பரோஸ் டேட்டாபேஸில் சர்வர் இல்லை’ என்று வருகிறது. சர்வரின் பிரின்சிபலை (கெர்பரோஸில் பதியும் பெயர்) நானே உருவாக்கினேனே!

பதில்: உருவாக்கிய பெயரும் கிளையன்ட் கேட்கும் பெயரும் வேறாக இருக்கும். கிளையன்ட் கேட்பது ‘என்எஃப்எஸ்’, சாய்கோடு, சர்வரின் முழுப் பெயர், ‘@’, ரெல்ம். எம்ஐடி கெர்பரோஸ் வழக்கமாக ஐபியைத் திருப்பித் தேடியும் பெயரை முடிவு செய்யும். ஐபிக்குப் பெயர் சொல்லும் டிஎன்எஸ் பதிவான பிடிஆர் பழைய பெயரைச் சொன்னால் டிக்கெட்டும் அந்தப் பெயருக்கே கேட்கப்படும். சர்வரில் ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’, டிஎன்எஸ் நேர்த்தேடல், திருப்புத்தேடல், ‘கேலிஸ்ட் -கே’ (கீடேப் எனும் சாவிக் கோப்பில் உள்ள பெயர்களைக் காட்டும்) நான்கும் ஒரே பெயரைக் காட்ட வேண்டும். பிடிஆர் உங்கள் கையில் இல்லையென்றால் கிளையன்டின் கேஆர்பி5.கான்ஃபில், லிப்டிஃபால்ட்ஸ் பகுதியில், ஆர்டிஎன்எஸ் = ஃபால்ஸ். ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பாருங்கள்: ஐபிக்கு அடுத்து முழுப் பெயர், அதன் பிறகுதான் சுருக்கப் பெயர். பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்று: கீடேப்பில் சாவி சேர்க்கும் ‘கேடிஆட்’ கட்டளையை ஓட்டும்போதெல்லாம், வழக்கமாகப் புதுச் சாவி பிறக்கும், வெர்ஷன் எண் ஏறும். முன்பு நகலெடுத்த கீடேப் அதன் பிறகு உதவாது.

கேள்வி: மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் ‘நோபடி’ (யாருமில்லை). ரெல்ம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: இது மூன்றாவது பெயர். என்எஃப்எஸ்4 உரிமையாளரை ‘பயனர்@டொமைன்’ என்ற சரமாக அனுப்பும். அந்த டொமைன், பெயரைப் பயனர் எண்ணாக மாற்றும் ஐடிமேப்டியின் ஐடிமேப்டி.கான்ஃபில் இருப்பது; ரெல்ம் அல்ல. இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெல்மின் பெயர் வேறாக இருந்தால் லோக்கல்-ரெல்ம்ஸ் வரியில் அதையும் சேருங்கள். பிறகு சர்வரில் ஐடிமேப்டியை ரீஸ்டார்ட் செய்து, கிளையன்டில் ‘என்எஃப்எஸ்ஐடிமேப் -சி’ கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய விடையே கேஷிலிருந்து வரும். லினக்ஸ் 3.3 முதல், கெர்பரோஸ் இல்லாத செக்=சிஸ் முறையில் வழக்கமாக வெறும் எண்ணே போவதால், கெர்பரோஸுக்கு மாறும்வரை இந்தக் கோளாறு ஒளிந்திருக்கும்.

கேள்வி: கிளையன்டுக்கும் என்எஃப்எஸ் பிரின்சிபல் தேவையா?

பதில்: லினக்ஸில் தேவையில்லை, கீடேப்பில் ‘ஹோஸ்ட்’ பிரின்சிபல் இருந்தால் கிளையன்டில் டிக்கெட் வாங்கும் சேவையான ஜிஎஸ்எஸ்டி அதையே எடுத்துக்கொள்ளும். மெஷின்களின் கடிகாரம் மட்டும் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது.