பேஸ்மென்ற் குளிர்: இந்தக் கிழமை வந்த கேள்விகள்

ரொறன்ரோவில் இருபது வருடத்துக்கு மேல் ஃபேர்னஸ் (வீடு முழுவதற்கும் சூடான காற்று அனுப்பும் இயந்திரம்) வேலை செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவன் நான். இங்கே பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது அந்தக் குளிரில் இருப்பதால் கேள்விகளுக்குக் குறைவில்லை.

700 சதுர அடி பேஸ்மென்ற் (வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் தளம்). சுவரடியில் பூட்டும் பேஸ்போர்ட் ஹீற்றர் எத்தனை வாற்றில் போட வேண்டும்?

எந்த ஊர், சுவருக்கு இன்சுலேஷன் (சூடு வெளியே போகாமல் தடுக்கும் பொருள்) உண்டா, எத்தனை ஜன்னல்? ஒன்றும் எழுதாமல் கணக்கு மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? சதுர அடிக்கு 10 வாற் என்று பிடித்தால் 7,000. மண்ணுக்குள் இருக்கும் சுவருக்கு வெளியே -20 பாகை இல்லை, ஆகவே நல்ல இன்சுலேஷன் இருந்தால் அதில் பாதியும் போதும். 240 வோல்ற், தனி லைன். முதலில் சுவர், பிறகு ஹீற்றர்.

சுவரில் ஈரம் கசிகிறது. பெரிய ஹீற்றர் போட்டால் காயுமா?

காயாது. கூரைப் பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள்.

மகன் ரொறன்ரோ ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறையில் இருக்கிறான். வீட்டுக்காரர் ஒரு சின்ன ஹீற்றர் கொடுத்திருக்கிறார். எக்ஸ்ரென்ஷன் வயர் சுடுகிறதாம். பயப்பட வேண்டுமா? (உவர்மலையில் இருந்து ஒரு தாய்)

பயப்பட வேண்டும் அக்கா. இதை வாசித்த கையோடு பிள்ளைக்கு அழைத்து அதைக் கழற்றச் சொல்லுங்கள். 1,500 வாற் ஹீற்றர் நமது 230 வோல்ற்றில் ஆறரை அம்பியர்தான் எடுக்கும், அங்கே 120 வோல்ற்றில் பன்னிரண்டரை எடுக்கும், அதனால் ஊரில் பழகிய கண்ணுக்குப் போதுமென்று தெரியும் வயர் அங்கே போதாது. மெல்லிய வயர் 10 அம்பியருக்குச் செய்தது. மின்னை வெட்டும் பிரேக்கரோ 15. வயர் உருகத் தொடங்கினாலும் பிரேக்கர் விழாது, அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

என் முதல் குளிர்காலமும் இப்படி ஓர் அறையில்தான் போனது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்ராற் மேல் மாடியில், வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போவார், நான் நாள் முழுக்க அந்தச் சின்ன ஹீற்றரை ஓடவிட்டு, ஒரு நாள் பிளக்கைத் தொட்டபோது கை சுட்டது, பார்த்தால் சுவர்ப் பக்கம் கருகிப்போயிருந்தது. இன்றும் அதே கதையைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கையில் தூக்கிப் போகிற ஹீற்றர் ஒரு வீட்டின் சூடாக்கும் ஒழுங்கு ஆகாது. வாடகை வாங்குகிறவர் சூடு கொடுக்க வேண்டும், ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை. கொடுக்காவிட்டால் நகரசபையின் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டுக்காரரும் நம் ஆள், முகத்தை முறிக்கக் கூடாது என்று பிள்ளைகள் பேசாமல் கிடக்கிறார்கள். பேசச் சொல்லுங்கள். அப்புறம், எவ்வளவு குளிர்ந்தாலும் அறைக்குள் கரி அடுப்பு மூட்டக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. அலாரம் வேண்டும்.

தரைக்குள் சுடுநீர்க் குழாய் நல்லதா?

புதிதாகக் கொங்கிரீற் போடுவதென்றால் நல்லது, அடியில் 2 அங்குல ஃபோம் போட்டு. ஃபோம் இல்லாவிட்டால் மண்ணைச் சூடாக்கக் காசு கட்டுவீர்கள். இருக்கிற தரையை இதற்காக உடைக்க வேண்டாம்.

மேல் மாடி வேகிறது, கீழே விறைக்கிறது. ஃபேர்னஸ் சின்னதா?

அநேகமாக இல்லை. கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில், ஆனாலும் சூடு ஒன்றுபோல் இல்லை. ஒரே வீட்டிலும் அப்படித்தான், தெர்மோஸ்ராற் தன் இடத்தை மட்டும் அறியும். கீழே சூடான காற்று கூரையோடு வந்து அங்கேயே நிற்கிறது. குளிர்ந்த காற்றை இழுக்கும் ரிட்டர்ன் வாயைத் தரையோடு வையுங்கள்.

ஹீற் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் இயந்திரம்) -20இல் ஓடுமா?

குளிர் நாட்டுக்கென்று செய்தது -25 வரை ஓடும். மெல்லிய குளிரில் 1 யூனிற் கரண்டுக்குச் சுமார் 3 யூனிற் சூடு, கடும் குளிரில் 2க்குக் கிட்ட அல்லது அதிலும் குறைவு. அப்போதும் பேஸ்போர்ட்டை விடச் செலவு குறைவு. தரையோடு ஒட்டி நிற்கும் மாடலாக வாங்குங்கள்.

ஃபேர்னஸ் அறையை இறுக்கி அடைத்துப் பக்கத்தில் படுக்கையறை செய்யலாமா?

எந்த வகை ஃபேர்னஸ் என்று எழுத மறந்துவிட்டீர்கள். வெளியிலிருந்து பிளாஸ்ரிக் குழாயில் காற்று எடுக்கும் புதியதென்றால் பரவாயில்லை. பழையது எரியத் தேவையான காற்றை அந்த அறையிலிருந்தே எடுக்கும், அடைத்தால் புகை உள்ளே திரும்பும். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டுக் காட்டும் வரை ஒரு பலகையும் அடிக்க வேண்டாம். காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்றும் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கி, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டுங்கள்.