நேப்பாளத்தில் தொண்டூழியம் செய்யும் மகளைப் பார்க்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (சிங்கப்பூர், தெம்பனிஸ் வாசகி): மகள் பொக்காராவுக்கு மேலே ஒரு மலைக்கிராமப் பள்ளியில் தொண்டூழியம் செய்கிறாள். டிசம்பர் விடுமுறையில் நானும் கணவரும், 12 வயது மகனும், மாமியாரும் 12 நாள் போகிறோம். மாமியார் சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். விசாவும் பயண வழியும் எப்படி?

பதில்: விசா எளிது. காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் எடுக்கலாம். 15 நாளுக்கு ஆளுக்கு 30 அமெரிக்க டாலர். கிழிசலோ கிறுக்கலோ இல்லாத நோட்டுகளாகச் சிங்கப்பூரில் தேக்காவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைப் புறப்படும் வாரத்தில் நேப்பாளக் குடிநுழைவுத் துறை இணையத்தளத்தில் நிரப்பி அச்சிட்டுக்கொண்டால், அங்கே விண்ணப்பம் நிரப்பும் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்பது மிச்சம். மாமியாருக்கு விசாவே வேண்டாம். அவருக்குப் பார்க்கவேண்டியது இங்கே: சிங்கப்பூர் திரும்பும் நாள்வரை நிரந்தரவாசிக்குரிய மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக வேண்டும். விமானச்சீட்டு வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

காட்மாண்டிலிருந்து பொக்காரா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வரைபடத்தில் நம் கோலாலம்பூர் பயணத்தைவிடக் குறைவு என்று நம்பி ஏமாறாதீர்கள். மலைச்சாலை, அதிலும் விரிவாக்கப் பணி. பேருந்தில் ஏழு மணிநேரமாவது பிடிக்கும், பத்தும் ஆகலாம். மாமியாரின் முழங்காலை நினைத்தாவது உள்நாட்டு விமானத்தில் போங்கள். பறக்கும் நேரம் 25 நிமிடந்தான். போகும்போது வலப்பக்க இருக்கை கேளுங்கள், பனிமலைத் தொடர் முழுக்க அந்தப் பக்கம். டிசம்பர் காலையில் மூடுபனியால் முதல் விமானங்கள் தாமதமாகும். அதனால் சிங்கப்பூர் விமானத்துக்கு முந்தின நாளே காட்மாண்டு திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு நாளை மிச்சம்பிடித்துத்தான் பலர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

சித்வான், லும்பினி என்று இடங்களை அடுக்காதீர்கள். மகள் இருக்கும் ஊரில் நான்கு இரவாவது தங்குங்கள். அவளுக்குப் பள்ளி நாள்கள் இருக்கும். மாலையும் இரவுச் சாப்பாடும்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

கேள்வி (அதே வாசகி): பூன் ஹில் ஏறிச் சூரிய உதயம் பார்க்க மகனுக்கு ஆசை. எல்லாரும் போகலாமா? மாமியார் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: மாமியார் வேண்டாம். அவரைப் பொக்காராவுக்குப் பக்கத்திலுள்ள சாரங்கோட்டுக்கு அழைத்துப் போங்கள். ஏறக்குறைய 1,600 மீட்டர், வண்டியே மேலே போகும். 6,993 மீட்டர் மச்சபுச்சரே சிகரத்தில் வெயில் ஏறுவதை அங்கே நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

பூன் ஹில் 3,210 மீட்டர். உயர நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். வயதும் உடற்பயிற்சியும் காப்பாற்றாது. அவசரமே பெரும்பாலும் காரணம். பொக்காராவில் காலை உணவு, ஜீப்பில் வழியிலுள்ள உள்ளேரி கிராமம், அன்றே உச்சிக்குக் கீழேயுள்ள கோரேபானி கிராமம், மறுநாள் விடியுமுன் உச்சி என்று ஒரே மூச்சில் போனால், 800 மீட்டரில் தூங்கிய உடம்பு அடுத்த இரவே 2,800-க்கும் மேலே தூங்குகிறது. அங்கேதான் தலைவலியும் வாந்தியும். உள்ளேரியில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ இருந்தால் மேலே ஓரடியும் வைக்கக்கூடாது, இருட்டினாலும் இறங்க வேண்டும். பையன் ஆசையில் மறைப்பான். காலையில் சாப்பிட மறுத்தால் அதையே அறிகுறியாக எடுங்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டஸோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் குறிப்பாக.

வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் மலைநடை போகக்கூடாது என்பது 2023 ஏப்ரல் முதல் அங்குள்ள விதி. பூன் ஹில் அடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையும் அனுமதிக்கு ஆளுக்கு 3,000 நேப்பாள ரூபாய். இன்னொன்று: பயணக் காப்புறுதிகள் சில 3,000 மீட்டருக்கு மேற்பட்ட நடைப்பயணத்தை ஏற்பதில்லை. பூன் ஹில் அந்தக் கோட்டுக்கு 210 மீட்டர் மேலே. ஒப்பந்தத்தில் உயர வரம்பையும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்பதையும் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

கேள்வி (ஈசூன் வாசகர்): தொண்டூழியத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது நாங்களும் ஒரு வாரம் அந்தப் பள்ளியில் பாடம் நடத்தலாமா?

பதில்: கூடாது. நேப்பாளச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான். சிக்கினால் உங்கள் பிள்ளைக்கும் பள்ளிக்கும் தொல்லை. உதவ நினைத்தால் என்ன தேவை என்று தலைமையாசிரியரைக் கேட்டு, நோட்டுப் புத்தகங்களைப் பொக்காராவிலேயே வாங்கி அவரிடம் கொடுங்கள். பிள்ளைகள் கையில் நேராக மிட்டாயும் பேனாவும் கொடுத்தால், அடுத்து வருகிறவரிடமும் கைநீட்டப் பழகுவார்கள். அது உங்கள் பிள்ளையின் வேலையையே கெடுக்கும்.

கேள்வி (பிடோக் வாசகி): மகனுக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டுபோக வேண்டும். வழியில் கசியாமல் இருக்க?

பதில்: பெட்டியில் வையுங்கள், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டதைக் கைப்பையில் விடமாட்டார்கள். பறக்கும்போது காற்றழுத்தம் குறைந்து, புட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். ஆகவே புட்டி வேண்டாம், வாயை அழுத்தி ஒட்டும் தடித்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அரைப் பைக்கு மேல் நிரப்பாமல், காற்றை முழுக்க அழுத்தி வெளியேற்றி, வாயோரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மூடுங்கள். அந்த ஓரத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் ஒட்டாது. அதை இன்னொரு பையில் தலைகீழாகப் போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, மகனுக்குக் கொண்டுபோகும் அரிசிமாவுப் பொட்டலங்களுக்கு நடுவில் வையுங்கள். துணிமணிக்குப் பக்கத்தில் வேண்டாம்.