பால் சேர்க்காதவருக்கு எந்த எஸ்பிரெசோ மெஷின்?

வெள்ளவத்தை வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்கவேண்டும், பால் தொடுவதே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சரி, அப்படியானால் இரட்டை பொய்லர், அதாவது தண்ணீர் சூடாக்கும் கலன் இரண்டு உள்ள மெஷின், வேண்டாம். கோப்பியும் பாலுக்கான நீராவியும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அது. ஒற்றை பொய்லர் போதும். ஆனால் தண்ணீரின் வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்க முடியவேண்டும். பால் இல்லாத கோப்பியில் புளிப்பும் கசப்பும் அப்படியே நாக்கில் தெரியும். இலேசாக வறுத்த கொட்டைக்கு 94 பாகை செல்சியஸ், கருக வறுத்ததற்கு 90 என்று தொடங்குங்கள்.

மிச்சக் காசை கோப்பிக்கொட்டை அரைக்கும் நல்ல கிரைண்டரில் போடுங்கள், இதைத்தான் அழுத்திச் சொல்வேன். 18 கிராம் தூளில் 36 கிராம் கோப்பி 25-30 செக்கனில், தேன் மாதிரி மெல்லிய நூலாக இறங்கவேண்டும். பத்தே செக்கனில் வெளிறி ஓடினால் இன்னும் நைசாக அரையுங்கள்.

அப்புறம், வெளிநாட்டு உறவினர் மெஷின் கொண்டுவருவதென்றால் இலங்கை மின்சாரத்துக்கு ஏற்ற 230 வோல்ட்தானா என்று முதலிலேயே கேளுங்கள்.