உப்பு மலையும் மரப்பெட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் மகளைப் பார்க்க மியூனிக் போகிறேன். பெர்க்டெஸ்காடனுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஹிட்லரின் மலைவீட்டைத் தவிர அங்கே வரலாறு என்று ஏதாவது உண்டா? சுற்றிலும் மலை அடைத்த ஊர். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம்கூட அங்கே எட்டிப்பார்த்திருக்காது என்று நினைக்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

எட்டிப்பார்த்தது மட்டுமல்ல, வீடுகளுக்குள் குடியேறியது.

பவேரியாவின் தென்கிழக்கு மூலையில், மூன்று பக்கமும் ஆஸ்திரியா சூழ்ந்த ஊர் அது. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. சந்தை உரிமை பெற்ற 'மார்க்ட்'. தலைக்கு மேலே 2,713 மீட்டர் வாட்ஸ்மன் மலை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அகஸ்தீனிய மடம் ஒன்று எழுந்தது. காலப்போக்கில் அந்த மடாதிபதியே நாட்டின் அரசருமானார். மடத்தை வாழவைத்தது உப்பு. இன்றும் இயங்கும் சுரங்கம் திறக்கப்பட்டது 1517இல். பாவத்தண்டனையைக் குறைப்பதாகத் திருச்சபை தந்த வாக்குகளைக் கேள்வி கேட்டு லூதர் தம் 95 வாதங்களை எழுதியதும் அதே ஆண்டில்தான்.

விளைநிலம் குறைவு. அதனால் வீட்டுக்கு வீடு மரவேலை. மெல்லிய மரச்சீவலை வளைத்துப் பூ வரைந்த பெட்டிகள், ஊதினால் சீழ்க்கையடிக்கும் குட்டிக் குதிரைகள். இவற்றை முதுகில் சுமந்து தொலைவூர்களுக்குப் போனார்கள். மலை அடைத்த ஊருக்குப் புதிய சமயம் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. வெளியே கத்தோலிக்கர், வீட்டுக்குள் லூதரின் நூல்.

பேராயர் ஆண்ட பக்கத்து நாடான சால்ஸ்பர்கில் அப்படிப்பட்டவர்களை வணக்கமே காட்டிக்கொடுத்தது. "இயேசு கிறிஸ்து போற்றப்படுவாராக" என்று சொல்லியே ஒருவரையொருவர் வணங்க வேண்டும் என்று 1728இல் ஆணை வந்தது. அதைச் சொன்னால் பாவத்தண்டனை குறையும் என்பது திருச்சபையின் வாக்கு. அந்த வாக்கை ஏற்காததாலேயே லூதரைப் பின்பற்றிய லூதரன்கள் பதில் சொல்லாமல் நின்றார்கள். தெருவில் எதிர்ப்பட்டவருக்கு மறுமொழி தராத அந்த ஒரு கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 1731 இறுதியில் வெளியேற்ற ஆணை பிறந்தது. நிலமில்லாதவர்களுக்குக் கிடைத்த அவகாசம் எட்டே நாள், அதுவும் குளிர்காலத்தில்.

அடுத்த ஆண்டு பெர்க்டெஸ்காடனின் முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது வடக்கே, ஹனோவர் நாட்டுக்கு. மடத்தின் ஆட்சி 1803இல் முடிந்தது. ஆனாலும் லூதரன்கள் உள்ளிட்ட புராட்டஸ்டண்ட்களுக்கு அந்த ஊரில் சொந்தமாகத் தேவாலயம் எழ 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மடத்தின் இரட்டைக் கோபுரத்தை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் அந்தச் சின்னத் தேவாலயத்தையும் விசாரித்துப் போய்ப் பாருங்கள். ஒரு மரப்பெட்டியும் வாங்கி வாருங்கள்.